படுத்தா மட்டும் கால் இன்னாவோ பண்ணுது டாக்டரு

இது கொஞ்சம் நீளமான இழை. ராத்திரி படுத்ததும் கால் குடையுது, தூக்கமே போச்சு என்று சொல்கிறவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கடைசி வரை படிங்க. இதில் நான் செய்த தப்பும் வருகிறது. அதை விட்டுவிட்டு மருந்துப் பெயரை மட்டும் எழுதினால் உங்களுக்குப் பிரயோஜனம் இருக்காது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.பி.பி.எஸ் டாக்டர். ஆற்காடு பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை. நரம்பியல் நிபுணர் கிடையாது. ஆனால் இந்த நோயை என் வீட்டுக்குள்ளேயே முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். பார்த்தேனே தவிர, என்னவென்று தெரியாமலே ரொம்ப நாள் இருந்துவிட்டேன்.

எங்க ஆயா ராத்திரி படுக்கும்முன் பழைய புடவையைக் கிழித்து இரண்டு கெண்டைக்காலிலும் இறுக்கிக் கட்டிக்கொள்ளும். ஏன் ஆயா என்று கேட்டால் "கட்டலன்னா கால் சும்மா இருக்காதுடா" என்று சொல்லும். வயசானால் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது அம்மா. நான் வயிற்றில் இருக்கும்போது ஆரம்பித்ததாம். பிரசவம் ஆனதும் போய்விட்டது. நாற்பது வயசுக்கு மேல் திரும்ப வந்தது. ஸ்கூல் படிக்கும்போது நடுராத்திரி தண்ணி குடிக்க எழுந்தால் அம்மா சமையல்கட்டில் இருட்டில் நின்றுகொண்டு இருப்பார். "தூங்கலையாம்மா?" என்றால், "கால் கேக்கல கண்ணு, நீ போய் படு" என்பார்.

டாக்டர் ஆகி வந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? "மூட்டுத் தேய்மானம்" என்று முடிவு கட்டினேன். டைக்ளோஃபெனாக், பி காம்ப்ளெக்ஸ், கால்சியம். ஓ.பி.யில் கால் குடைச்சல் என்று வருகிற எல்லாருக்கும் எழுதுகிற அதே மூணு மாத்திரை. அம்மாவும் மகன் கொடுத்தது என்று வருஷக்கணக்கில் விழுங்கினார். டைக்ளோஃபெனாக்கை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்ப வரும்.

2020இல் ஒருநாள் போனில் பேசும்போது காலேஜ் சீனியர் ஒருவரிடம் அம்மாவின் தூக்கத்தைப் பற்றிப் புலம்பினேன். அவர் நாலே நாலு கேள்வி கேட்டார்.

ஒன்று: காலை ஆட்டணும், அசைக்கணும், எழுந்து நடக்கணும் என்று அடக்க முடியாத உந்துதல் வருதா?

இரண்டு: சும்மா உட்காரும்போதும் படுக்கும்போதும்தான் ஆரம்பிக்குதா, இல்லை அப்போது ரொம்ப அதிகமாகுதா?

மூணு: நடந்தால், காலை நீட்டி மடக்கினால், நடக்கிறவரைக்குமாவது குறையுதா?

நாலு: சாயங்காலமும் ராத்திரியும் மட்டும் வருதா, இல்லை பகலைவிட அப்போது மோசமா இருக்கா?

நாலுக்கும் ஆமாம். "உங்கம்மாவுக்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்டா. முட்டியை எக்ஸ்ரே எடுத்தா எப்படித் தெரியும்?" என்றார்.

வெட்கமாக இருந்தது. புத்தகத்தில் படித்த நோய்தான். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். சமையல்கட்டில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

தமிழில் 'ஓய்வற்ற கால்கள்' என்று சொல்லலாம். சுருக்கமாக ஆர்.எல்.எஸ். புது நோய் கிடையாது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672லேயே இதை எழுதி வைத்திருக்கிறார். 1945இல் ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்சல் எக்பாம் இதை விரிவாக எழுதி இந்தப் பெயரையும் கொடுத்தார். அதனால் வில்லிஸ் எக்பாம் நோய் என்றும் ஒரு பெயர் உண்டு. பெங்களூரில் செய்து 2007இல் வெளியான ஆய்வில் நூறு பேரில் இரண்டு பேருக்கு இருந்தது. பெண்களுக்கு அதிகம். இள வயதில் ஆரம்பிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். எங்க வீட்டில் ஆயா, அம்மா.

இதை நோயாளிகள் 'வலி' என்று சொல்லத் தயங்குவார்கள். நமநமன்னு இருக்கு, உள்ளே புழு நெளியுது, எறும்பு ஊறுது, எலும்புக்குள்ள அரிக்குது, "இன்னாவோ பண்ணுது". டாக்டரிடம் போய் "இன்னாவோ பண்ணுது" என்றால் என்ன எழுதுவார்? வலி மாத்திரைதான் எழுதுவார். நானும் அதைத்தான் எழுதினேன்.

கால் தொந்தரவு எல்லாமே ஆர்.எல்.எஸ் ஆகிவிடாது. இதைக் கவனிங்க.

கெண்டைக்கால் திடீரென்று இழுத்துப் பிடித்துக் கல்லு மாதிரி ஆனால் அது தசைப்பிடிப்பு.

சர்க்கரை நோயாளிக்குப் பாதம் எரிந்து, மரத்துப்போய், நடந்தாலும் குறையாமல் இருந்தால் அது நரம்புப் பாதிப்பு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

டேனரியில் நாள் பூரா நின்று வேலை செய்கிறவருக்குச் சாயங்காலம் கால் கனத்து, நரம்பு சுருண்டு தெரிந்து, காலைத் தூக்கி வைத்தால் சுகமாக இருந்தால் அது வெரிகோஸ். அவருக்குப் படுத்தால் சுகம். ஆர்.எல்.எஸ் நோயாளிக்குப் படுத்தால்தான் தொல்லையே.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன்.

சீனியர் பிரமிபெக்சோல் என்ற மாத்திரையைச் சொன்னார். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற மருந்து. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் செய்கிற வேலையை இது செய்யும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற அளவைவிட ரொம்பக் குறைந்த அளவு, 0.125 மில்லிகிராம், படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு.

முதல் ராத்திரியே அம்மா தூங்கினார். காலை ஆறரை மணிக்கு நான் போய் எழுப்ப வேண்டியதாக இருந்தது. கண்ணில் தண்ணியோடு "இத்தினி வருஷம் இந்த ஒரு மாத்திரைக்கா நடந்துகினு இருந்தேன்?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

எட்டு மாசம் கழித்து "திரும்ப லேசா குடையுது" என்றார். 0.25 ஆக்கினேன். நல்லா ஆனது. அடுத்த வருஷம் 0.5. பிறகு 0.75. ஒவ்வொரு முறையும் கொஞ்ச நாள் சுகம், திரும்ப தொல்லை. யாரையும் கேட்கவில்லை. மகனே டாக்டர், மாத்திரை கைவசம் இருக்கிறது, ஏற்றினால் கேட்கிறது. வேறென்ன வேணும் என்று இருந்துவிட்டேன்.

2023இல் ஓ.பி.க்கு ஒரு அக்கா வந்தார். பெயர் வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். முப்பத்தெட்டு வயசு. ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். விடிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு கம்பெனி பஸ் பிடிப்பார். நாள் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்த வேலை. கூட வந்த பொண்ணுதான் பேசியது. "அம்மா நைட்டெல்லாம் மாடியில நடந்துகினே கீது சார். பக்கத்து வீட்டுல காத்து சேஷ்டைன்னு சொல்றாங்க."

அக்கா தலை குனிந்துகொண்டே சொன்னார்: "நடக்க சொல்லோ ஒண்ணும் இல்ல டாக்டரு. படுத்தா மட்டும் கால் இன்னாவோ பண்ணுது."

கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியாகிவிட்டது. தர்காவில் ஓதியும் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் எரிச்சலில் வெளித் திண்ணையில் படுக்கிறார். வேலையில் தூக்கம் சொக்கி ஒருமுறை ஊசி விரலில் ஏறியிருக்கிறது. தூக்கம் வரட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாசக்கணக்கில் தினமும் அவில் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அவில், சி.பி.எம் மாதிரி தூக்கம் வரவைக்கிற பழைய அலர்ஜி மாத்திரைகள் ஆர்.எல்.எஸ்ஸை அதிகப்படுத்தும். கண் சொக்கும், கால் விடாது. அந்த வேதனையைப் பட்டவர்களைக் கேளுங்க. வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கிற ஸ்டெமெட்டில், மனச்சோர்வு மாத்திரைகளில் பல, மனநோய் மருந்துகளில் பல, இவையும் கிளப்பிவிடலாம். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீங்க. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் "இதைச் சாப்பிட்டதிலிருந்து கால் இப்படி இருக்கு" என்று சொன்னால் போதும், மாற்று வழி இருக்கிறது.

அந்த அக்காவுக்குக் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. மாதவிடாய் எப்படி என்று நர்ஸ் தனியாகக் கேட்டபோது, எட்டு நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறது என்றாராம். ஹீமோகுளோபின் 9.8. ஃபெரிட்டின் எழுதி அனுப்பினேன். 7 என்று வந்தது.

ஃபெரிட்டின் என்றால் என்ன? நம்ம வீட்டு கணக்கில் சொல்கிறேன். சமையலுக்கு எடுத்து வைத்த அரிசி ஹீமோகுளோபின். உள்ளே மூட்டையில் இருக்கிற அரிசி ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு. மூட்டை காலியாகிக்கொண்டே இருக்கும், ஆனால் அன்றாடம் உலை வைக்கிற வரைக்கும் வெளியே தெரியாது. ஹீமோகுளோபின் நார்மல், ஃபெரிட்டின் தரையில் என்று நிறைய பேர் இருக்கிறார்கள்.

கால் குடைச்சலுக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம்? மூளை டோபமின் தயாரிக்க இரும்பு வேணும். இரும்பு குறைந்தால் அந்த டோபமின் வேலை தடுமாறும். ராத்திரி நேரத்தில் உடம்பில் இரும்பும் டோபமினும் இயல்பாகவே இறங்கும். அதனால்தான் பகலில் சும்மா இருக்கிற கால் ராத்திரி ஆட ஆரம்பிக்கிறது. கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு, முக்கியமாகக் கடைசி மூணு மாசத்தில், இது வருகிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வருகிறது. இரண்டு இடத்திலும் இரும்புக் குறைவுக்குப் பங்கு உண்டு.

தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். அத்தனை பேருக்கும் கால் ஆடாது. ஆனால் நமக்குத் தெரியாமல் எத்தனை பேர் மாடியில் நடக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்க.

அக்காவுக்குக் கொடுத்த வைத்தியம் சாதாரணம். அவிலை நிறுத்தினேன். ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரை. ஒரு குடற்புழு மாத்திரை. மகப்பேறு டாக்டரிடம் அனுப்பி ரத்தப்போக்குக்கு வைத்தியம். அவ்வளவுதான்.

முதல் மாசம் ஒன்றும் மாற்றமில்லை என்றார். எப்படிம்மா மாத்திரை போடுற என்று கேட்டேன். "கம்பெனியில டீ கொடுக்க சொல்லோ போட்டுக்குவேன்." அதுதான் சிக்கல். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். டீக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, எலுமிச்சைத் தண்ணியோ நெல்லிக்காயோ கூட சேர்த்துப் போடச் சொன்னேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்றும் சொன்னேன். முதல் தடவை அதைச் சொல்லாமல் விட்டதில் நடுவில் பத்து நாள் பயந்து நிறுத்தியிருக்கிறார்.

பத்தாவது வாரம் வந்தார். "நாலு நாளா படுத்தா காலைல தான் டாக்டரு எழுந்துக்கறேன்." ஃபெரிட்டின் 34. இன்னும் ஏறணும், நிறுத்தாதே என்று அனுப்பினேன்.

அன்றைக்கு சாயங்காலம் வண்டியில் வீட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு ஃபெரிட்டின் பார்த்தோமா?

பார்க்கவில்லை. மூணு வருஷம் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனவன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு மாதவிடாய் நின்று பத்து வருஷம் ஆச்சு, எங்கே ரத்தம் போகப் போகுது" என்ற எண்ணம்.

மறுநாள் பார்த்தோம். ஹீமோகுளோபின் 11.6. ஃபெரிட்டின் 22. லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே அச்சாகி வந்தது. இந்த இடம் முக்கியம். சாதாரண ஆளுக்கு லேப் போடுகிற நார்மல் வேறு, ஆர்.எல்.எஸ் நோயாளிக்கு வேணும் என்கிற அளவு வேறு. இவர்களுக்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்கலாம் என்பது இப்போதைய வழிகாட்டுதல். காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் உடம்பு நல்லா இருக்கும் நாளில் பார்க்கணும்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்பு குறைந்தால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேடணும். எண்டோஸ்கோபிக்கு அழைத்துப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரம் டாக்டராக இல்லை, மகனாகத்தான் உட்கார்ந்திருந்தேன். புற்றாக இருக்குமோ என்ற ஒரே நினைப்பு.

புற்று இல்லை. வயிற்றில் புண். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக் கசிவு. "வலி மாத்திரை நிறைய சாப்பிடுவாங்களா?" என்று கேட்டார் அந்த டாக்டர்.

டைக்ளோஃபெனாக். நான் கொடுத்தது. கால் குடைச்சலுக்கு என்று ஆரம்பித்தது, பிரமிபெக்சோல் வந்த பிறகும் முட்டிக்கு என்று ஓடிக்கொண்டே இருந்தது. வெறும் வயிற்றில், டீயோடு. கால் குடைச்சலுக்குக் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, இரும்பைக் குறைத்து, அந்தக் குடைச்சலையே வளர்த்திருக்கிறது. அம்மாவிடம் வீட்டுக்கு வந்து சொன்னேன். "சரி விடு, வேணும்னா செஞ்ச" என்றுவிட்டு டீ போடப் போனார்.

இன்னொன்றும் நடந்துகொண்டு இருந்தது. அம்மாவுக்கு இப்போது ராத்திரி பத்து மணிக்கு வரவில்லை, மத்தியானம் மூணு மணிக்கே ஆரம்பிக்கிறது. சீரியல் பார்க்க உட்கார முடியவில்லை. கைக்கும் வந்துவிட்டது. இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். பிரமிபெக்சோல், ரோபினிரோல், லெவோடோபா மாதிரி டோபமின் மருந்துகள் நோயை முதலில் அடக்கி, பிறகு அவையே நோயைத் தூண்டிவிடுவது. நேரம் முன்னால் வரும், வேகம் கூடும், காலிலிருந்து கைக்குப் பரவும். பயந்துபோய் டோஸை ஏற்றினால் சில மாசம் கேட்கும், அப்புறம் இன்னும் மோசமாகும். ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இப்படி ஆகிறது என்று கணக்கு. இரும்பு குறைந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நான் ஏற்றியது மருந்தை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மருத்துவமும் இதில் மாறியிருக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2012இல் பிரமிபெக்சோலையும் ரோபினிரோலையும் முன்வரிசையில் வைத்தது. அதே அகாடமி 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி, இரும்புக்கும், காபாபென்டின், பிரிகாபாலின் வகை மருந்துகளுக்கும் முதல் இடம் கொடுத்திருக்கிறது.

டோபமின் மருந்தில் இன்னொரு ஆபத்து. சிலருக்கு ஆசையை அடக்கும் கட்டுப்பாடு போய்விடும். சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது, விடாமல் சாப்பிடுவது. இந்த மாத்திரை சாப்பிடுகிற உங்க வீட்டுப் பெரியவர் திடீரென்று ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டால் திட்டுவதற்கு முன் மாத்திரையைப் பாருங்க. திடீரென்று தூக்கம் கவிழ்வதும் உண்டு, வண்டி ஓட்டுகிறவர்கள் கவனம்.

அம்மாவை இந்த முறை நான் பார்க்கவில்லை. நரம்பியல் டாக்டரிடம் ஒப்படைத்தேன். வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை இருக்கும்போது வாய்வழி இரும்பு சரியாக உடம்பில் சேராது என்பதால், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு ட்ரிப். ராத்திரிக்கு காபாபென்டின், சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்த்து, குறைந்த அளவில். பிறகு பிரமிபெக்சோலை ஒரேயடியாக நிறுத்தாமல், வாரம் வாரமாகக் குறைத்தார்கள்.

குறைக்கிற நாட்கள் கஷ்டம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் சில ராத்திரி பழையதைவிடப் பயங்கரமாக வரும். ஆறு வாரம். விடிகாலை மூணு மணிக்கு அம்மா மாடியில் நடப்பார், நானும் கூட நடப்பேன். தூரத்தில் லாரி போகிற சத்தம் கேட்கும். ஒருநாள் "பழைய மாத்திரையே கொடுத்துடுடா" என்று அழுதார். கொடுத்திருந்தால் தூங்கியிருப்பார். கொடுக்காமல் நின்றதுதான் இத்தனை வருஷத்தில் நான் அம்மாவுக்குச் சரியாகச் செய்த வைத்தியம்.

இரண்டாவது மாசக் கடைசியில் அடங்கியது. இப்போது மாசத்தில் இரண்டு மூணு ராத்திரி வருகிறது. முழுசாகப் போகவில்லை, போகும் என்று நான் வாக்கும் கொடுக்கவில்லை. வந்தால் வெந்நீர் ஊற்றிக்கொள்வார், கெண்டைக்காலை நீட்டிப் பிடிப்பார், கொஞ்சம் நடப்பார், படுப்பார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்.

1. டாக்டரிடம் "கால் வலி" என்று மட்டும் சொல்லாதீங்க. எப்போது வருகிறது, நடந்தால் குறைகிறதா என்று சேர்த்துச் சொல்லுங்க.

2. ஆர்.எல்.எஸ் என்றால் எந்த மாத்திரைக்கும் முன்னால் ஃபெரிட்டின் பார்க்கக் கேளுங்க. பார்க்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை போடாதீங்க. தலசீமியா மாதிரி சில நோய்களில் உடம்பில் ஏற்கெனவே இரும்பு அதிகமாக இருக்கும்.

3. ஈரல், சுவரொட்டி, கறி, கீரை, கேழ்வரகு எல்லாம் சாப்பிடுங்க, நல்லது. ஆனால் காலியான மூட்டையைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்புவது கஷ்டம். இரண்டு மூணு மாசம் மருந்து வேணும், திரும்ப டெஸ்ட் பார்க்கணும்.

4. சாயங்காலத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மது, புகையிலை இரண்டுமே இதைக் கிளப்பும். தூக்கத்துக்கு என்று கடையில் மாத்திரை வாங்காதீங்க.

5. காபாபென்டின், பிரிகாபாலின் நல்ல மருந்துகள். ஆனால் தலைசுற்றும், வயசானவர்கள் ராத்திரி எழும்போது விழலாம். சிறுநீரகம் கெட்டிருந்தால் அளவு குறைக்கணும். மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்ந்தால் மூச்சை அமுக்கும்.

6. ஏற்கெனவே பிரமிபெக்சோலோ ரோபினிரோலோ சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்தாதீங்க. குறைந்த அளவில் நல்லா இருக்கிறவர்களும் உண்டு. நேரம் முன்னால் வருகிறதா, கைக்கு வருகிறதா, ஒவ்வொரு வருஷமும் டோஸ் ஏறுகிறதா? அப்படியானால் டாக்டரிடம் போங்க. ஏற்றச் சொல்லிக் கேட்காதீங்க.

7. கர்ப்பிணிகள் பயப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடும். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்பு மாத்திரையைத் தவறாமல் போடுங்க.

8. உங்க வீட்டில் ராத்திரி நடக்கிறவரைத் திட்டாதீங்க. காத்து சேஷ்டையும் இல்லை, வேஷமும் இல்லை.

ஷூ கம்பெனி அக்கா மூணு மாசத்துக்கு ஒருமுறை வருகிறார். வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து உள்ளே வந்துவிட்டார் என்று பொண்ணு சொன்னது. அக்கா அதை அடித்தது.

இந்த இழையைப் போடுவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். டைக்ளோஃபெனாக் இடம் வந்ததும் நிறுத்தினேன். "இதையும் போடணுமாம்மா?"

"போடு. எந்த வீட்டு டாக்டரு புள்ளையாவது பார்க்கட்டும்" என்றார்.

போட்டுவிட்டேன். ராத்திரி நடக்கிற யாராவது தெரிந்தால் அனுப்புங்க.